வேப்பங்கன்றுக்கு மாட்டிய பலகை

புனேயில் குன்று ஏறாதவர்கள் இரண்டு வகை. ஏற முடியாதவர்கள் ஒரு வகை, நாளையிலிருந்து ஏறப்போவதாகச் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. அச்யுத் தாம்லே நாற்பது வருஷமாக இரண்டாவது வகை. அவர் மனைவி ஷரயு நூற்றிரண்டு நாளாக முதல் வகை. தன்னைக் கொண்டுபோய் அந்த வகையில் சேர்த்துவிட்டார்களே என்பதுதான் அவளுக்கு வலியைவிடப் பெரிய எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரியில் வலது முழங்கால் மூட்டை மாற்றினார்கள். அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையில் இருந்தபோதும் சரி, ஓய்வு பெற்ற பிறகும் சரி, விடிகாலை ஐந்தரைக்கு அவள் குன்றின் அடிவாரத்தில் இருப்பாள். மகன் கனடாவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட வருஷம் அவளுக்குத் தூக்கம் போயிற்று, ரத்த அழுத்தம் ஏறிற்று. டாக்டர் மாத்திரை எழுதினார். அவள் மாத்திரையையும் விழுங்கினாள், குன்றையும் ஏறினாள். ஒரு வருஷத்தில் டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கியபோது, "எல்லாம் என் மருந்தோட வேலை" என்றார். தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது எது என்று அவளுக்குத் தெரியும்.

மூட்டு மாற்றியபின் அச்யுத் ஆளே மாறிப்போனார். வாழ்நாளில் ஒரு டம்ளர் கழுவாத மனிதர் இப்போது மாத்திரை, வெந்நீர், கஞ்சி என்று நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து நின்றார். அவள் எழுந்தால் கையைப் பிடித்தார், உட்கார்ந்தால் தலையணை வைத்தார். குளியலறைக் கதவில் ஒரு பலகையும் மாட்டினார்: "தனியாக உள்ளே போகக் கூடாது. கூப்பிட்டால் வருவேன். — அ. தாம்லே."

பலகை மாட்டுவது அந்த ஊர்க்காரர்களின் ரத்தத்தில் இருக்கிறது. நேரில் சொன்னால் சண்டை வருமே என்று எழுதி மாட்டிவிட்டு, அதனால் வரும் சண்டையை நிதானமாக ரசிப்பார்கள். தாம்லே வீட்டு வாசலிலேயே இரண்டு தொங்கின. "மணியை ஒருமுறை அடித்தால் போதும், நாங்கள் செவிடர்கள் அல்ல" என்பது ஷரயு எழுதியது. "மதியம் ஒன்று முதல் நான்கு வரை நாங்கள் தூங்குவோம், நீங்களும் தூங்குங்கள்" என்பது அச்யுத் எழுதியது.

மே மாதம் இரண்டாவது வாரம் வீட்டுக்கு ஒரு டிரெட்மில் வந்து இறங்கிற்று. மகன் கனடாவிலிருந்தே சொல்லி அனுப்பியது. நடுக்கூடத்தில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அது நின்றுகொண்டிருந்தது.

"இனிமே இதுதான் உன் குன்று" என்றார் அச்யுத்.

"அஹோ, இதுல மயில் வருமா?"

"ஃபேன் போட்டா காத்து வரும்."

"என்கூட ஏறற மந்தா வருவாளா? பாபட் வருவாரா? ஞாயித்துக்கிழமை மேல உக்காந்து அவல் உப்புமா சாப்பிடறோமே, அது வருமா?"

"விழுந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போறது வராது. அது போதும் எனக்கு."

பிசியோதெரபிக்கு வரும் கேதகியைப் பஞ்சாயத்துக்கு அழைத்தார்கள். ஷரயுவைக் காகு, அதாவது சித்தி, என்று கூப்பிடும் அந்தப் பெண் இரண்டு பக்கத்துக்கும் பயப்படாமல் பேசினாள். "ஏறலாம் காகு. நீங்க ஏறிடுவீங்க. இறங்கறதுதான் விஷயம். உயரமான இடம் வந்தா உக்காந்து நகர்ந்து இறங்குங்க. கௌரவம் பாக்காதீங்க."

அச்யுத் ஒரு நிபந்தனை போட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஷரயு மேலே அவள் நட்ட வேப்பமரம்வரை போய்விட்டுத் திரும்ப வேண்டும். கைத்தடி இருக்கலாம். ஆனால் எங்கேயும், ஒரு நிமிஷம்கூட, யாரும் அவள் கையைப் பிடிக்கக் கூடாது. ஜெயித்தால் டிரெட்மில் போய்விடும். ஒருவர் கை பட்டாலும் குன்று முடிந்தது, அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது.

"சம்மதம். நீங்க வந்து பாக்கறீங்களா?"

"நான் எதுக்கு? வீட்ல பேப்பர் படிப்பேன். பாபட் சாட்சி."

சம்மதித்துவிட்டாளே தவிர, அன்று ராத்திரி படுத்தபோது அவள் இறக்கத்தை அடி அடியாக மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். தோற்றால் மிச்சமிருக்கும் காலம் முழுவதும் கூடத்துச் சுவரைப் பார்த்து நடக்க வேண்டும். அதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தோற்கப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டு தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கு அவள் சல்வார் கமீஸ் போட்டுக்கொண்டு கிளம்பினாள். எப்போதும் எடுத்துப்போகும் பச்சை கேனைத் தேடினாள். மழைக்கு முந்தின நாலு மாதமும் குன்றுக்காரர்கள் ஆளுக்கு ஒரு கேனில் தண்ணீர் சுமந்து போய், தாங்கள் நட்ட கன்றுக்கு ஊற்றுவது வழக்கம். வெறுங்கையோடு ஏறுவது அவளுக்குச் செருப்பில்லாமல் கல்யாணத்துக்குப் போவது மாதிரி இருந்தது.

"அந்தக் கேன்ல ஓட்டை. தூக்கிப் போட்டுட்டேன்" என்றார் அச்யுத், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அடிவாரத்தில் கூட்டம் காத்திருந்தது. பதினோரு பேர். அவள் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் பதினோரு வலது கைகள் நீண்டன.

"தொட்டீங்கன்னா தடியால அடிப்பேன்" என்றாள் ஷரயு.

எழுபது வயது பாபட், கூட்டத்தின் தலைவர் என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டவர், ஷரயுவை வஹினி, அதாவது அண்ணி, என்று அழைப்பவர், எல்லாரையும் பின்னால் தள்ளினார். "வஹினி சொன்னது கேட்டுதா? எல்லாரும் ரெண்டடி தள்ளி. நான் சாட்சி. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்."

"கண்புரை ஆபரேஷன் போன மாசம்தானே ஆச்சு" என்றாள் மந்தா. ஷரயுவைவிட எட்டு வயது இளையவள், நாக்கு மட்டும் அவளைவிடப் பழுத்தது.

"அதனாலதான் நல்லாத் தெரியுதுங்கறேன்."

ஏற்றம் அவள் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. இருபது அடி நடந்து நின்றாள், மறுபடி இருபது அடி. காய்ந்த புல்லின் வாசனை முதல் திருப்பத்திலேயே வந்துவிட்டது. அந்த வாசனையை மூன்று மாதமாக எந்த அறையிலும் அவள் காணவில்லை. கல் உடைத்த பழைய பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மயில் ஒன்று அகவிற்று. அவளை ஒரு ஆளாக மதித்து முதலில் விசாரித்தது அதுதான் என்று தோன்றிற்று. மார்பு நிறையக் காற்று இறங்கிற்று, கண்ணில் நீர் வந்தது, அதை வேர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

வழியில் ஒரு இடம்தான் மோசம். தொடை உயரத்துக்கு ஒரு கரும்பாறை பாதையின் குறுக்கே கிடக்கும். இடது காலை முதலில் வைத்து, தடியை ஊன்றி, ஒரு உந்தலில் ஏறிவிட்டாள். பின்னால் பதினோரு பேர் மூச்சை விட்ட சத்தம் கேட்டது.

"ஏறிட்டீங்க தாயி!" என்றாள் மந்தா. அக்காவைத் தாயி என்பது அந்த ஊர் வழக்கம்.

"ஏறுவேன்னு தெரியாமத்தான் வந்தியா?"

அனுமார் கோயிலைத் தாண்டி நாற்பது அடியில் அவளுடைய வேம்பு. மூன்று வருஷத்துக்கு முன் பாபட்டின் கடப்பாரையால் பாறையைக் குடைந்து நட்டது. இந்தப் பாட்வாவுக்கு, வருஷப் பிறப்பன்று கடித்துத் தின்னும் வேப்பிலையைத் தன் மரத்திலிருந்தே பறிப்பேன் என்று போன வருஷமே எல்லாரிடமும் பீற்றி வைத்திருந்தாள். பாட்வா வந்தபோது அவள் கட்டிலில் இருந்தாள்.

இப்போது வந்து பார்த்தால், இலையெல்லாம் மஞ்சள். பாதி உதிர்ந்து கீழே கிடந்தது, மிச்சம் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் இருந்த மற்றவர்கள் கன்றுகள் பச்சையாக நின்றன.

"வெயில்தான்" என்றார் பாபட். "தண்ணி பத்தல. இன்னும் ஒரு கேன் ஊத்தணும்."

ஷரயு தடியைப் போட்டுவிட்டு, நல்ல காலை மடக்கிக் குனிந்து, பாத்தியில் விரலை விட்டாள். மே மாதத்துப் புனே வெயிலில், தரை வெடித்துக் கிடக்கும் குன்றின் உச்சியில், விரல் சேற்றில் இறங்கிற்று. முகர்ந்து பார்த்தாள். நாறிற்று.

"இதுக்கு யார் தண்ணி ஊத்தறது?"

"நான்தான் தாயி" என்றாள் மந்தா பெருமையாக. "நீங்க படுத்த நாள்லேருந்து. ஒரு நாள் தவறல."

"நீயா? நான்ல ஊத்தறேன்" என்றார் பாபட். "தினம் ரெண்டு கேன். எனக்கு ஒண்ணு, வஹினிக்கு ஒண்ணு."

"அப்ப நான் ஊத்தினது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நானும்தான்" என்றது இன்னொன்று. ஒருவர் பின் ஒருவராகப் பதினோரு பேரும் ஒப்புக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் அந்தப் புண்ணியத்தைச் செய்வதாக நினைத்து, மற்றவர்கள் தலை மறைந்ததும் ஊற்றியிருக்கிறார்கள்.

"அடப்பாவிகளா! அடியில பாறை. தண்ணி எங்கே போகும்? பானைக்குள்ள நட்ட மாதிரி நிக்குது. அடுத்தவங்க மரத்துல கேக்காம கை வைக்கக் கூடாதுன்னு நமக்குள்ள ஒரு ஒழுங்கு இருந்துதே, அது எங்கே போச்சு?"

யாரும் பதில் சொல்வதற்குள், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேகநடை நடந்து வந்த ஒரு அம்மாள், முன்பின் தெரியாதவள், கன்றின் முன்னால் நின்றாள். கன்றுக்குப் பக்கத்தில் குச்சியில் மாட்டியிருந்த தகரப் பலகையைப் படித்தாள். பெருமூச்சு விட்டாள். தன் குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து பாத்தியில் கவிழ்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போய்விட்டாள்.

பன்னிரண்டு பேரும் பலகையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தேதி குறித்ததும் ஜனவரியில் ஷரயு தன் கையாலேயே எழுதி மாட்டியது அது. "கையில் தண்ணீர் இருந்தும் இந்தக் கன்றைத் தாண்டிப் போகிறவர், தான் மனிதர்தானா என்று யோசிக்கவும். — ஷ. தாம்லே."

மந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கிற்று.

ஷரயுவுக்கு முகம் சுட்டது. மூன்று மாதமாக இந்தக் குன்றில் ஏறிய அத்தனை ஜனத்தையும் மிரட்டித் தன் மரத்தைத் தானே மூழ்கடித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. இத்தனை பேர் இத்தனை நாள் சுமந்து வந்து கொட்டியிருக்கிறார்களே என்று மனசும் இளகிற்று.

"தப்பு என்னுதுதான்" என்றாள்.

"தேதி என்ன இன்னிக்கு?" என்றார் பாபட். "யாராவது எழுதி வைங்க. வஹினி வாயால இதைக் கேக்க இருபத்திரண்டு வருஷம் ஆச்சு."

அவள் நகத்தால் தண்டை லேசாகக் கீறினாள். உள்ளே பச்சை. இன்னும் கொஞ்சம் மேலே கீறினாள். அங்கேயும் பச்சை. "உசிரு இருக்கு. கடப்பாரை எங்கே?"

கோயிலுக்குப் பின்னாலிருந்து கடப்பாரை வந்தது. பள்ளமான பக்கம் பாறையில் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் உடைத்தார்கள். கறுப்புத் தண்ணீர் கசிந்து சரிவில் ஓடிற்று. ஷரயு அதுவரை கன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவள் கண்ணில் அது பட்டது. கீழ்க்கிளை ஒன்றைச் சாய்வாக, நேர்த்தியாக வெட்டியிருந்தார்கள். வெட்டின இடத்தில் புண்ணுக்குக் கட்டுவது போல ஒரு துணி சுற்றியிருந்தது. நீலக் கட்டம் போட்ட துணி. முழங்கை கிழிந்து போன ஒரு சட்டையின் துணி. அந்தச் சட்டையைப் பதினைந்து வருஷம் துவைத்தவள் அவள்.

பாட்வா காலையில் அச்யுத் கொண்டுவந்து கொடுத்த வேப்பிலை நினைவுக்கு வந்தது. பூ இல்லாத, குட்டையான, சோப்ளாங்கியான ஒரு கொத்து. மார்க்கெட்டில் வாங்கினேன் என்றார். "இதைப் போய் யார் விப்பாங்க? உங்க தலையில கட்டிட்டான்" என்று அவள் கத்தினாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

அவள் பலகையைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினாள். புல் எரிந்த இடத்திலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து எழுதினாள்: "யாரும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கன்று தானே பார்த்துக்கொள்ளும். நன்றி. — ஷ. தாம்லே."

"நன்றியா!" என்றாள் மந்தா. "ஊர்ல ஒரு பலகையிலகூட நான் அந்த வார்த்தையைப் பாத்ததில்ல."

இறக்கம் கேதகி சொன்னது போலத்தான் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் புது மூட்டு கணக்குக் கேட்டது. பாறைக்கு வந்து நின்றாள். மேலிருந்து பார்க்கையில் அது தொடை உயரமாக இல்லை, கிணறாக இருந்தது. இங்கே விழுந்தால் எல்லாம் போயிற்று. இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் குன்றில் அவளுக்குப் பயம் வந்தது.

பின்னால் சலசலப்பு. மந்தாவின் விரல்கள் அவள் முழங்கையை நோக்கி வந்தன.

"கையெல்லாம் பாக்கெட்ல போடுங்க!"

"புடவைல பாக்கெட் ஏது தாயி?"

"அப்ப கையைக் கட்டிக்கோ."

தடியைக் கீழே போட்டாள். பாறைமேல் உட்கார்ந்தாள். வலது காலை நீட்டிக்கொண்டு, உள்ளங்கைகளை ஊன்றி, அறுபத்தொரு வயதில், பதினோரு பேர் பார்க்க, குழந்தை மாதிரி அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். கமீஸ் எங்கேயோ சிக்கிக் கிழிந்தது. கிழியட்டும். இடது கால் தரையைத் தொட்டது. பிறகு வலது. தடியை எடுத்து ஊன்றிக்கொண்டு நின்றாள்.

மேலே கைதட்டல் எழுந்தது. அதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. பத்தடி கீழே, சட்டை நனைந்து உடம்போடு ஒட்ட, மூச்சு வாங்கிக்கொண்டு, கையில் பச்சை கேனோடு அச்யுத் நின்றுகொண்டிருந்தார். அவருடைய இன்னொரு கை அவளை நோக்கி நீண்டிருந்தது. அவள் முறைத்ததும் அதைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"வீட்ல பேப்பர் படிக்கறதாச் சொன்னீங்க."

"படிச்சிட்டேன்."

"கேன்ல ஓட்டைன்னீங்க."

"அடைச்சிட்டேன்."

"பாட்வாவுக்கு வேப்பிலை எந்தக் கடையில வாங்கினீங்க?"

அவர் செருப்பு நுனியால் ஒரு கல்லைத் தள்ளினார். நாற்பது வருஷமாக நாளைக்கு ஏறுகிறேன் என்று சொன்ன மனிதர், அவளைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, லைப்ரரிக்குப் போகிறேன் என்று தினமும் மாலையில் புறப்பட்டது எங்கே என்று இப்போது அவளுக்குப் புரிந்தது.

"அந்தப் பாறையில நான் ரெண்டு தடவை விழுந்தேன், ஷரயு" என்றார் கடைசியில். "உன்கிட்ட சொல்லல. அதனாலதான் வேண்டாம்னேன். உன்னால முடியாதுன்னு நினைச்சு இல்ல."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதற்கும் இடம் கொடுக்காமல், "நீங்களும் ஊத்தினீங்க, இவங்களும் ஊத்தினாங்க, ஊரே ஊத்துச்சு. கன்று அழுகப் பாத்துது" என்றாள்.

அவர் முகம் செத்துப்போயிற்று. "போயிடுச்சா?"

"இல்ல. பச்சை இருக்கு. தழைச்சிடும். கொஞ்ச நாள் எல்லாரும் சும்மா இருந்தாப் போதும்."

திரும்பி இறங்க ஆரம்பித்தார்கள். அடுத்த சரிவில் முழுக்கச் சரளைக்கல். அச்யுத் போட்டிருந்தது வீட்டுச் செருப்பு. இரண்டாவது அடியிலேயே சறுக்கித் தடுமாறினார். ஷரயு தடியை ஊன்றிக்கொண்டு, இடது கையை நீட்டி அவர் கையைக் கெட்டியாகப் பிடித்தாள்.

"வஹினி! கை!" பாபட் மேலிருந்து அலறினார்.

"என் கையை யாரும் பிடிக்கக் கூடாதுன்னுதானே பந்தயம்? அவர் கையை நான் பிடிக்கக் கூடாதுன்னு யார் சொன்னது?"

பாபட் யோசித்தார். கூட்டமே அவர் வாயைப் பார்த்தது. "செல்லும்" என்று தீர்ப்புச் சொன்னார்.

சரிவு முடிந்ததும் அச்யுத் நின்று கையிலிருந்த கேனைப் பார்த்தார். "இந்தத் தண்ணியை என்ன பண்றது?"

"நீங்க குடிங்க. முகம் வாடிப்போயிருக்கு."

அவர் கேனைத் தூக்கி மடக் மடக்கென்று பாதியைக் குடித்துவிட்டு மிச்சத்தை அவளிடம் நீட்டினார். அவளும் குடித்தாள். வெயில் ஏறியிருந்தது.

"நாளைக்கு அந்த மெஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போக ஆளை வரச் சொல்லுங்க" என்றாள் வாயைத் துடைத்துக்கொண்டு.

"நேத்தே சொல்லிட்டேன்" என்றார் அச்யுத்.